விடுமுறைப் பட்டியலில் இல்லாத நாள்

புதுச்சேரி
9 ஜூன் 2025

அன்புள்ள தம்பி புருஷோத்தமனுக்கு,

அக்கா எழுதுகிறேன். மெயிலில் போய்க் கடிதம் மாதிரி எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், நடுவில் உன் பெண்டாட்டி அபி போனைப் பிடுங்கி, "அப்புறம் பேசலாம் அண்ணி" என்று வைத்துவிடுகிறாள். எழுத்தில் கத்துவது கொஞ்சம் கஷ்டம். அதனால்தான் இந்த ஏற்பாடு.

நீ கோபித்துக்கொண்டு கோயம்புத்தூர் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. வீடு பிடித்தாயிற்றா? பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயா? நீ சொல்ல மாட்டாய், அபியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. போட்டுகள் கடலில் இறங்கும் அன்றே நம் ஐஸ் கம்பெனியின் புது ஏற்பாடும் தொடங்குகிறது. எந்தப் போட்டுக்கு எத்தனை பெட்டி ஐஸ், யாருக்கு முதல் முறை, எந்த வேன் எந்த ஓட்டலுக்கு மீன் கொண்டுபோக வேண்டும், எல்லாவற்றையும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உன் கம்ப்யூட்டர் அனுப்பிய மெசேஜை நம் ஊர் ஆட்களில் பாதிப்பேர் படித்ததே இல்லை. இனிமேல் மெசேஜ் கிடையாது, போனே போகும். மிஷின் தானாகக் கூப்பிட்டுப் பேசும்.

அங்கே நிர்மலா என்று ஒரு பெண்தான் நம் வேலையைப் பார்க்கிறாள். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. ஒன்று விடாமல் கேட்கிறாள். "எந்தெந்த நாள்ல போன் போகக் கூடாது மேடம்?" என்று கேட்டாள். பொங்கல், மாசி மகம், ஊர்த் தேர், தடைக்காலம், புயல் எச்சரிக்கை என்று சொல்லிக் கொடுத்தேன். நீ போய்விட்டதால் இதெல்லாம் என் தலையில்.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. ஐஸ் பிளான்டில் உன் அறையைக் காலி செய்துவிட்டேன். இப்போது அங்கே பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. நான் நெல்லித்தோப்பில் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டிருக்கிறேன். ஏ.சி. நன்றாக இருக்கிறது.

அக்கா சொர்ணம்

*

கோயம்புத்தூர்
13 ஜூன் 2025

சொர்ணம் அக்காவுக்கு,

வீடு கிடைத்துவிட்டது. பாப்பா பள்ளிக்குப் போகிறாள். என் அறையில் ஐஸ் பெட்டி வைத்ததற்கு எனக்கு என்ன கோபம்? உன் கம்பெனி, உன் அறை.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் நீதான் சிரிப்பாய். நான் சேர்ந்திருப்பதும் ஒரு வெளிக் கம்பெனிதான். மகாராஷ்டிராவில் ஒரு பால் கம்பெனி தன் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் எங்கள் கையில் கொடுத்திருக்கிறது. அங்கே இத்தனை வருடம் அந்த வேலையைச் செய்துவந்தவன் பெயர் தேஷ்முக். நான் பத்து வரியில் கேள்வி அனுப்பினால் அவன் 'ஆம்', 'இல்லை' என்று பதில் போடுகிறான். அவன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. அங்கே அவனுக்கு நான் எமன். இங்கே எனக்கு உன் நிர்மலா.

வெளியே கொடுத்தது தப்பு என்று நான் சொன்னதில்லை அக்கா. ஊர் உலகத்தில் எல்லாரும் கொடுக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சென்னைக்காரர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, "வேலைய ஒப்படைக்கிற வரைக்கும் புருஷோத்தமன் இருப்பாரு" என்று நீ சொன்னாய். அந்த நிமிஷம்தான் எனக்கே விஷயம் தெரியும். நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். சம்பளத்துக்கு வந்தவனிடம்கூட முன்கூட்டிச் சொல்வார்கள். நான் நம் அப்பாவுக்குப் பிறந்தவன்.

இதற்கு மட்டும் பதில் சொல். மற்றதை அப்புறம் பேசலாம்.

புருஷோத்தமன்

*

புதுச்சேரி
4 ஜூலை 2025

தம்பிக்கு,

காரணம் இருக்கிறது. சொல்ல மாட்டேன். என்னைத் திட்டிக்கொள், எனக்குப் பழக்கம்தான்.

புது ஏற்பாடு நன்றாக ஓடுகிறது. நீ நம்ப மாட்டாய். விடியற்காலையில் எல்லாப் போட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் போன் போகிறது. ஐஸ் எடுக்க வராதவர்களுக்கு மறுபடி போன் போய்க் காரணம் கேட்கிறது. மூன்று முறை பதில் இல்லை என்றால் மறுநாள் அவர் முறை கடைசிக்குப் போய்விடும். முன்பு மாதிரி முறைச் சண்டை இல்லை, "எனக்கு முன்னாடி அவனுக்கு ஏன் போட்ட?" என்று யாரும் கவுண்டரில் வந்து நிற்பதில்லை.

போனில் யார் பேசுகிறார்கள் தெரியுமா? நான்தான். யாரோ சென்னைப் பெண் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினால் நம் ஆட்கள் பாங்கிலிருந்து என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். அதனால் நிர்மலா என் குரலையே பதிவு செய்துகொண்டாள். அரை நாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எல்லார் பெயரையும் சொன்னேன். மரியாதையாக இருக்கட்டும் என்று பெயரோடு 'அவர்களே' சேர்த்தேன். குப்பன் மாமா எதிரில் வந்து, "இன்னா சொர்ணம், தெனமும் கோழிக்கு முன்னால நீ கூவுறியே" என்று கிண்டல் செய்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீ இருந்திருந்தால் குறை கண்டுபிடித்திருப்பாய்.

அக்கா

*

கோயம்புத்தூர்
5 ஆகஸ்ட் 2025

அக்கா,

குப்பன் மாமா இறந்துபோனது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நம் ஊர்ச் சிலம்பரசன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். மாலை போட்ட போட்டோ. சாப்பாட்டு நேரத்தில் விரலால் தள்ளிக்கொண்டே வந்தபோது மாமா முகம் வந்தது. முதலில் பிறந்தநாள் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பிறகு நம்மை நம்பி ஒருத்தரும் ஐஸ் எடுக்கவில்லை. அப்போது முதல் போட்டை நம்மிடம் பதிந்தவர் அவர். அவர் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டாய். ஒரு போன், வேண்டாம், ஒரு வரி மெயில் போட உனக்கு மனசு வரவில்லை.

கம்பெனியிலிருந்து எடுத்தாய், சரி. ஊரிலிருந்தும் எடுத்துவிட்டாயா?

புருஷோத்தமன்

*

புதுச்சேரி
6 ஆகஸ்ட் 2025

தம்பி,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்குச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்ததில்லை. ஊரில் சாவு என்றால் நீதானே எனக்குப் போன் செய்வாய்? "அக்கா, சங்கு ஊதறாங்க, இன்னார் போய்ட்டாராம், கெளம்பு" என்பாய். உனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு உயிர் போகும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. மன்னித்துக்கொள்.

அன்றைக்கு நடந்ததை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். நானே சொல்கிறேன்.

மாமாவுக்கு விடியும் முன்பே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? பிணத்தை எடுக்கும்வரை ஒரு போட்டும் கடலுக்குப் போகாது, யாரும் தொழில் பேச மாட்டார்கள். எனக்கு ஆள் வந்து சொல்லி, நெல்லித்தோப்பிலிருந்து ஓடினேன். தனக்கொடி அத்தை என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். டி.வி. பக்கத்தில் மாமாவின் போன் அடிக்கிறது. அவர் மகன் நிறுத்தப்போய்க் கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். "வணக்கம் குப்பன் அவர்களே! நான் உங்க சொர்ணம் பேசறேன். இன்னிக்கு நீங்க ஐஸ் எடுக்க வரல. காரணம் சொல்ல ஒண்ண அழுத்துங்க."

அத்தை தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதோடு முடிந்ததா? வாசலில் நின்ற போட்டுக்காரர்கள் சட்டைப்பையிலெல்லாம் போன் அடிக்கிறது. இந்தப் பக்கம் என் குரல், அந்தப் பக்கம் என் குரல். நான் வாயை மூடிக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கூட்டம் முழுக்க நானே பேசுகிறேன். மூன்று முறையும் யாரும் பதில் அழுத்தவில்லை என்று மறுநாள் அத்தனை பேர் முறையையும் மிஷின் கடைசிக்குத் தள்ளிவிட்டது. துக்கம் காத்ததற்கு நான் தண்டனை கொடுத்துவிட்டேன் என்று ஊர் நினைக்கிறது.

அன்றிலிருந்து ஒரு போட்டும் நம்மிடம் ஐஸ் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு பஞ்சாயத்து. ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நம் கம்பெனிக்குப் பூட்டுத்தான். நிர்மலா போனில் தேம்பித் தேம்பி அழுதாள். அவளைத் தேற்றவே எனக்கு அரை மணி ஆனது.

இன்னொன்று. சொல்லாமல் கையெழுத்துப் போட்டாய் என்று குத்திக்கொண்டே இருக்கிறாயே. உன் பெண் காதுகுத்தன்று சர்வர் நின்றுவிட்டது என்று பந்தலிலிருந்து எழுந்து போனாய், நினைவிருக்கிறதா? டெங்கு வந்து படுத்திருந்தபோதும் குளுக்கோஸ் ஏறும் கையால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாய். நீ படுத்தால் கம்பெனியும் படுத்துக்கொள்ளும். அபிதான் என்னிடம் வந்தாள். "அண்ணி, அவர எங்களுக்கும் கொஞ்சம் வுடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன்னிடம் சொன்னால் நீ வேண்டாம் என்பாய், பழியும் அவள் மேல் விழும். என்மேல் விழட்டும் என்று சொல்லாமல் போட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊரிலிருந்து எடுத்துவிட்டாயா என்று கேட்டாயே, அதைத் தாங்க முடியவில்லை.

அக்கா

*

கோயம்புத்தூர்
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

அபியிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் சொன்னேன். இன்னா இப்போ?" என்றாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. பாப்பாதான் நடுவில் தூது. மூன்றாம் நாள் அவளே தோசை வார்த்து வைத்துவிட்டு, "காதுகுத்து போட்டோல நீங்க ஒண்ணுலகூட இல்ல" என்றாள். உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று இப்போது சரியாகத் தெரியவில்லை.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு சாவு வீட்டுக்குக்கூட நம் மெசேஜ் போனதில்லை. ஏன்? சிஸ்டத்தில் அதற்கென்று எதையாவது எழுதிவைத்திருந்தேனா என்று என் பழைய கோப்புகளையெல்லாம் திறந்து பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. என் அறையின் ஜன்னல் ஊர்ப் பக்கம் திறந்திருக்கும், அவ்வளவுதான். சங்குச் சத்தம் கேட்டால் கை தானாகப் போய் அன்றைய மெசேஜை நிறுத்தும். நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதை ஒரு நாளும் வேலை என்று நினைத்ததில்லை. கொட்டாவி விட்டால் வாயை மூடுகிற மாதிரி. நான் கடைசிவரை இருந்து ஒப்படைத்திருந்தாலும் அதை எழுதியிருக்க மாட்டேன். நீயும் திருவிழாவைச் சொன்னாய், சாவைச் சொல்லவில்லை. சாவை யார் விடுமுறைப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் பஞ்சாயத்தில் நீ மாட்டிக்கொள்ளவும் கூடாது. மிஷினை ஓட்டுவது சென்னைக் கம்பெனி. தவறு நடந்தால் அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு போ. "இது எங்க தப்பு இல்ல, வெளிக் கம்பெனி பண்ணது" என்று நேராகச் சொல்லிவிடு. ஊர் உன்னை விட்டுவிடும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல். எந்த முகத்தோடு போன் செய்வது என்று தெரியவில்லை.

புருஷோத்தமன்

*

புதுச்சேரி
18 ஆகஸ்ட் 2025

தம்பி,

நேற்று கோயில் வாசலில் பஞ்சாயத்து முடிந்தது. நீ சொன்னபடி சென்னைக்காரர்களிடம் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

ஊர்த் தலைவர் என்ற முறையில் நாட்டார் சாமிக்கண்ணு ஆரம்பித்தார். "இன்னாம்மா சொர்ணம், சாவு வூட்ல குந்திகினே நீ போன் பண்ணுவியா?"

"நான் பண்ணல நாட்டாரே. மிஷின் பண்ணுச்சு."

"மிஷினுக்கு யாரு வாய் குடுத்தது?"

பையில் கை வைத்தேன். அந்தக் காகிதம் கையில் தட்டுப்பட்டது. எடுத்து நீட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் நிர்மலா என்னைக் கேட்டாளே! எந்த நாளில் போன் போகக் கூடாது என்று ஒழுங்காகத்தான் கேட்டாள். நான்தான் அவசரத்தில் நான்கைந்தைச் சொல்லி, "அவ்ளோதாம்மா" என்று முடித்தேன். பார்க்காத ஊரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவள் தலையில் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியுமா? அதுவும் போனில் கேட்டது என் குரல். பெயர் சொல்லிக் கூப்பிட்டது நான். எழுந்து நின்று, "கேட்டாங்க, நான் சொல்லல. என் தப்புதான்" என்று சொல்லிவிட்டேன். நீ என்னை முட்டாள் என்பாய்.

பெண்கள் பக்கத்திலிருந்து தனக்கொடி அத்தை எழுந்தாள். பஞ்சாயத்தில் பெண்கள் வாய் திறப்பது வழக்கமில்லை, அதுவும் முந்தின நாள்தான் தாலி எடுத்த பெண். "அந்தாளு உசுரோட இருந்தப்ப யாரும் 'அவர்களே'ன்னு கூப்ட்டதில்ல. செத்த அன்னிக்குத்தான் மரியாத வந்துச்சு" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தள்ளவில்லை.

மன்னிப்பு கிடைத்துவிட்டது தம்பி. ஐஸ் விஷயம் அப்படியில்லை. நாட்டார் தெளிவாகச் சொன்னார்: "நீ மனசாரச் சொன்ன, சரி. நாளைக்கு உனக்கு ஆயிரம் வேல. அடுத்த சாவுக்கு போன் வராதுன்னு இன்னா உத்தரவாதம்? அதக் காட்டு, அப்பறம் எடுக்கறோம்." அதுவரை எல்லாரும் வேறு இடத்தில் ஐஸ் எடுப்பார்கள். பிளான்டில் ஐஸ் உருகித் தண்ணீராக ஓடுகிறது. ஆட்களுக்கு வேலையில்லை. இப்படியே அடுத்த மாதமும் போனால் மூட வேண்டியதுதான்.

பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்து உன் அறையைப் பெருக்கச் சொன்னேன். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன், அபிக்குக் கொடுத்த வாக்கு கையைப் பிடித்துக்கொள்கிறது. நீயே ஒரு வழி சொல்.

அக்கா

*

கோயம்புத்தூர்
25 ஆகஸ்ட் 2025

அக்கா,

முட்டாள் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்ன யோசனைதான் மட்டமான யோசனை. வெளிக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு வெளிக் கம்பெனி தலையில் போடு என்று உனக்கு எழுதியிருக்கிறேன்.

நான் வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நான் வந்து அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகும், எனக்கு மறுபடி காய்ச்சல் வருகிறவரை. ஊர் கேட்பது உத்தரவாதம். ஒரு ஆள் எப்படி உத்தரவாதம் ஆவான்?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பால் கம்பெனியின் பழைய சிஸ்டத்தில் ஒரு ஊருக்கு மட்டும் வருடத்தில் ஒரு நாள் வண்டி போகாது என்று இருந்தது. காரணம் எழுதவில்லை. தேவையில்லாதது என்று அழிக்கப்போனேன். உன் கடிதம் நினைவுக்கு வந்து நிறுத்திவிட்டு தேஷ்முக்குக்குப் போன் செய்தேன். மெயில் இல்லை, போன். அந்த நாளில் அந்த ஊரில் யாரும் பால் விற்க மாட்டார்களாம். கறக்காமல் கன்றுக்கே விட்டுவிடுவார்களாம். "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றேன். "நீ ஏன் முதலிலேயே போன் செய்யவில்லை?" என்றான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள்.

இனி வழி. நிறுத்துகிற வேலையை நீயும் வைத்துக்கொள்ளாதே, சென்னைக்கும் கொடுக்காதே. ஊரிடம் கொடுத்துவிடு. சாவு நடந்தால் முதலில் தெரிவது சங்கு ஊதும் அம்மாவாசை அண்ணனுக்கு. அவரிடம் பட்டன் போன் இருக்கிறது, மிஸ்டு கால் கொடுக்கத் தெரியும். அவர் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்று அந்த ஊருக்கு ஒரு போனும் போகாது, யார் முறையும் தள்ளாது. மறுபடி தொடங்க நாட்டார் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நிர்மலாவிடம் பேசிவிட்டேன். நீ சொன்னது சரிதான், கெட்டிக்காரி. "ராத்திரியில தூக்கத்துல கை பட்டு கால் போய்ட்டா என்ன சார் பண்றது?" என்று நான் யோசிக்காததையெல்லாம் கேட்டாள். இரண்டு முறை கொடுத்தால்தான் நிற்கும் என்று வைத்திருக்கிறோம்.

புருஷோத்தமன்

*

புதுச்சேரி
22 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

போட்டுகள் திரும்ப வந்துவிட்டன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் யோசனையைப் படித்ததும் முதலில் மெயிலை மூடி வைத்துவிட்டேன். நாளைக்கு விலையில் ஒரு தகராறு வந்தால், ஒரு மிஸ்டு காலில் நம் கம்பெனியையே நிறுத்திவிடுவார்களே என்று பயந்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் முழித்தேன். பிறகு பிளான்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தேன். ஊர் ஏற்கனவே நம்மை நிறுத்தித்தானே வைத்திருக்கிறது? மிஸ்டு கால் இல்லாமலே நிறுத்த முடிந்தவர்களுக்கு இதைக் கொடுப்பதில் நான் எதை இழக்கிறேன்? கொடுத்துவிட்டேன்.

நிர்மலா சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அரியாங்குப்பத்தில் இறங்கி, வழி தெரியாமல் மீன் விற்கும் பெண்களோடு சேர்ந்து நடந்தே வந்துவிட்டாள். அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனேன். மன்னிப்புக் கேட்க நிறைய யோசித்து வந்திருப்பாள் போல, வாசலிலேயே நின்று அழுதுவிட்டாள். "நீதான் அந்த மிஷினா? சாப்ட்டியா?" என்றாள் அத்தை.

கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சோதனை. அம்மாவாசை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை மிஸ்டு கால் கொடுத்தார். நிர்மலா மிஷினை எல்லாருக்கும் கூப்பிடச் சொன்னாள்; போட்டுக்காரர்கள் போனையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் அடிக்கவில்லை. இப்படி ஒரு நிம்மதியான மௌனத்தை நான் கேட்டதே இல்லை. என் குரலை மாற்றிவிடட்டுமா என்று நாட்டாரிடம் கேட்டேன். "உன் குரலே இருக்கட்டும். திட்டணும்னா யாருன்னு தெரியணும் இல்ல?" என்றார்.

கூட்டத்தில் சிலம்பரசன் எழுந்து இன்னொன்று கேட்டான். "ஊர்ல இருக்கறவங்களுக்கு போன் போகக் கூடாது, சரி. வெளியூர்ல இருக்கறவங்களுக்குப் போகணும் இல்ல?" பாரிஸில் இருக்கும் ராஜாவுக்கு அவன் சித்தப்பா செத்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்ததாம். நிர்மலா அங்கேயே அதையும் சேர்த்துவிட்டாள். நிறுத்தம் விழுந்ததும் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு போன் போகும். துபாய், சிங்கப்பூர், பாரிஸ் என்று நம்பர் சொல்லிக்கொண்டே போனார்கள். முதல் நம்பர் உன்னுடையது. நான் கொடுக்கவில்லை. தனக்கொடி அத்தை, "மொதல்ல நம்ம புருஷோத்தமன் நம்பரப் போடு" என்றாள்.

அபிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

அக்கா சொர்ணம்

*

பஸ்ஸில்
19 நவம்பர் 2025

அக்கா,

சேலம் தாண்டிவிட்டோம். மழையில் பஸ் ஊர்கிறது.

காலையில் பால் கம்பெனியோடு மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது. உன் குரல். "இன்னிக்கு ஊர் நிறுத்தம்." அவ்வளவுதான் சொன்னது. மீட்டிங்கில் தேஷ்முக் இருந்தான். ஊரில் சாவு என்றேன். "கிளம்பு, இன்றைக்கு உன் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். வீட்டுக்கு வந்தால் அபி பையை எடுத்து வைத்துவிட்டு பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போயிருந்தாள். மூன்று பேரும்தான் வருகிறோம். பாப்பா என் மடியில் தூங்குகிறாள், அதனால் ஒரு கையால் எழுதுகிறேன்.

நீ ஐந்தாறு முறை கூப்பிட்டிருக்கிறாய். செத்தது யார் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாய். நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அபியும் கேட்டாள், "யாருன்னு தெரியாமயா போறோம்?" என்று. சங்குச் சத்தம் கேட்டால் ஊரில் யாராவது பெயரைக் கேட்டுவிட்டா சட்டையை மாட்டுவார்கள்?

எனக்காக உடலை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லாதே. இருட்டினாலும் வந்துவிடுவேன். கூட்டம் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ, நேரே அங்கே வருகிறேன்.

தம்பி
புருஷோத்தமன்